அனுப்புநர்: லியோனிசா பனோப்பியோ

மிலான்,
5 பிப்ரவரி 1995

அன்புள்ள லிந்தா,

பெட்டியை நேற்று கப்பல் கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். "பெட்டி வேண்டாம், நீ வா" என்று கிறிஸ்துமஸுக்கு நாலே வரியில் ஒரு கடிதம் எழுதினாயே, அது கிடைத்தது. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று ஒரு மாதம் யோசித்தேன். எழுத வரவில்லை, பெட்டி கட்டத்தான் வந்தது. திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள்.

எல்லாவற்றின் மேலும் பெயர் ஒட்டியிருக்கிறேன். பச்சைத் துண்டு பெனிங் சித்திக்கு. போன வருடம் அவளுடைய சோப்பு சின்னதாக இருந்தது என்று ஊரெல்லாம் சொன்னாளாமே, இந்தத் தடவை அவளுக்கு இரண்டு. காபித்தூள் டப்பா யாருக்கும் கொடுக்காதே, அது உனக்கு. அப்பாவுக்குக் கம்பளிச் சட்டை. பத்தங்காஸ் வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்பாய். ஆஸ்பத்திரி ஏசியில் உட்கார்ந்தால் அவருக்குக் குளிருமே, அதற்குத்தான்.

இந்தத் தடவை பெட்டியின் மேல் அனுப்புநர் இடத்தில் என் பெயரே இருக்கும். குழம்பாதே. என் அறையில் கூட இருந்த பெர்லாவுக்கு அந்தக் கம்பெனியில் தள்ளுபடி உண்டு, அதனால் அவள் பெயரில் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அவள் கல்யாணம் செய்துகொண்டு கனடாவுக்குப் போய்விட்டாள். இனி தள்ளுபடியும் இல்லை, பெர்லாவும் இல்லை.

வருவது பற்றி: நான் வேலை பார்க்கும் வீட்டுச் சின்யோராவுக்கு எண்பத்தாறு வயது, இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது. அவளை யார் கையில் விட்டுவிட்டு வருவது? அடுத்த வருடம் பார்க்கலாம்.

அப்பாவை முத்தமிடு.

அக்கா நிசா


மபினி, பத்தங்காஸ்,
20 ஏப்ரல் 1995

அக்கா,

உன் பெட்டி வந்துவிட்டது. வீட்டுக்கு இல்லை, மணிலா துறைமுகக் கிடங்குக்கு. வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள் என்று பார்த்தால் ஒரு மஞ்சள் அட்டைதான் வந்தது. சுங்கவரி கட்டி எடுத்துக்கொள்ளவும் என்று. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் பதினாலு பேர். ஒவ்வொருவராக ஒரு காகிதத்தைக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் முறை வந்தது.

"அனுப்புனது யாரும்மா?"

"எங்க அக்கா. இத்தாலியில இருக்கா."

"எத்தனை வருஷமா?"

"ஏழு வருஷம் சார்."

"அப்ப என்ன கவலை? அவங்களோட குடியிருப்பு அனுமதி நகல் ஒண்ணு குடுங்க. வெளிநாட்டுல உழைக்கிறவங்க வீட்டுக்கு அனுப்புறதுக்கு வரி கிடையாது."

"நகல் எதுவும் வைக்கலியே சார்."

"வைக்கலியா? எல்லாரும் பெட்டி மேலயே ஒட்டி அனுப்புவாங்களே!"

பிறகு பெட்டியைத் திறந்தார்கள். ஒரு பெரிய மேஜையில் உன் துண்டுகளையும் சோப்புகளையும் பரப்பினார்கள். அத்தனை பேர் முன்னால் நம் வீட்டுப் பெண்களுக்கு நீ வைத்த உள்பாவாடைகள்கூட வெளியே வந்தன. அந்த ஆள் எண்ணிவிட்டு, "இருபத்து நாலு சோப்பு, பதினெட்டு துண்டு. அக்கா கடை வச்சிருக்காங்களா?" என்றார்.

"இல்ல சார், சொந்தக்காரங்களுக்கு."

"எத்தனை பேருக்கு?"

நான் வாத்தியார் அல்லவா, விரல் விட்டு எண்ணி, "முப்பத்தொரு பேர் சார்" என்றேன். "முப்பத்தொரு பேருக்கு வினியோகம்" என்று அப்படியே எழுதிக்கொண்டு, வரியை இன்னும் ஏற்றிவிட்டார். உண்மை பேசினால் இதுதான் கிடைக்கிறது.

வரி, கிடங்கு வாடகை, கம்பெனிக்குக் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளம். ஜூன் பதினேழுக்குள் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஏலம். நான் கட்டப் போவதில்லை. அந்த நகலை அனுப்பு. ஒரு காகிதம்தானே, நூறு லிராவுக்குள் படி எடுத்துவிடலாம்.

இன்னொன்று. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீறுகிறேன். அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் இந்த வருடம் முடிவதற்குள் போய்விடும் என்று பத்தங்காஸ் டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு வழியில்லை. இப்போது தட்டில் மீன் எங்கே, சோறு எங்கே என்று நான்தான் சொல்கிறேன். துலிங்கான் மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஆகவே கம்பளிச் சட்டை வேண்டாம். நீ வா. ஐந்து நாள் போதும். அவர் கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே உன் முகத்தைக் காட்டிவிட்டுப் போ. அதற்குப் பிறகு சின்யோராவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆயுசு முழுக்க இரு.

லிந்தா


மிலான்,
12 மே 1995

லிந்தா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சின்யோரா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், எனக்குக் காது கேட்கவில்லை.

எப்போதிருந்து? பெனிங் சித்தி வீட்டுக்கு நான் போன் செய்யும்போதெல்லாம், "எனக்கென்ன, காளை மாதிரி இருக்கேன்" என்கிறாரே. போன மாதம்கூட, மலைமேல் மேகம் எப்படி நிற்கிறது என்று எனக்கு வர்ணித்தாரே. அதைப் பார்க்காமலேயா சொன்னார்?

பெட்டிக்கான பணத்தை நீயே கட்டிவிடு. நான் அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுகிறேன், உன் கையில் இருந்து ஒரு சென்டாவோ காசுகூடப் போகாது. நகல் இப்போது முடியாது. காகிதங்களைச் சின்யோராவின் மகன் தன்னிடம் வைத்திருக்கிறான், அவன் ரோமில் இருக்கிறான். தேடிப் பார்க்கிறேன். அது பற்றி இனிமேல் கேட்காதே, லிந்தா. கட்டிவிடு.

வருவது பற்றி எழுதத் தொடங்கி மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதிலும் எழுத முடியவில்லை.

நிசா


மபினி,
6 ஜூன் 1995

அக்கா,

உன் கடிதங்களை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன் என்பது உனக்குத் தெரியும். சில வரிகளை விழுங்கிவிடுவேன். இந்தத் தடவை கண் பற்றிய எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, கோபத்தில், "உங்க செல்ல மகளுக்கு ஒரு காகிதத்த நகல் எடுக்க முடியலியாம். தேடிப் பாக்குறாளாம்" என்றேன்.

அப்பா காபியைக் கீழே வைத்தார். "தேடினாலும் கெடைக்காது. அவகிட்ட கெடையாது" என்றார்.

"எது கெடையாது?"

"காகிதம்தான். அவளுக்கு அங்க இருக்கறதுக்கு அனுமதி கெடையாது."

"யாருப்பா சொன்னா?"

"யாரு சொல்லணும்? மொத பெட்டி வந்தப்பவே தெரியும். காகிதம் இருக்கற பொண்ணு, சம்பாதிச்சு அனுப்புற பெட்டியில தன் பேர எழுதாம அடுத்தவ பேர எழுதுவாளா? ஊருக்குள்ள ஆள் ஏத்தி ஜீப்னி ஓட்டினவன்டி நான். லைசென்ஸ் இல்லாதவன் போலீஸப் பாத்தா எப்படி வண்டி ஓட்டுவான்னு எனக்குத் தெரியும்."

"ஏழு வருஷமா ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன ஆகும்? பொய் சொல்றத நிறுத்திட்டு அழ ஆரம்பிப்பா. அங்க அவ கண்ணத் தொடைக்க யாரு இருக்கா?"

அவ்வளவுதான். அதற்குமேல் காபி ஆறிவிட்டது என்று என்னைத்தான் சத்தம் போட்டார்.

அக்கா, எனக்கு உன் மேல் எவ்வளவு கோபம் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா செத்த வருடம் நீ வரவில்லை. என் கல்யாணம் நின்றுபோனபோது வரவில்லை. அப்பா ஒருநாள்கூட அதைக் குறை சொன்னதில்லை. நான் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் தெருவே கேட்கக் கத்துகிற மனிதர், ஏழு வருடமாக வராத உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நம் ஜீப்னியில் முன்கண்ணாடிக்கு மேலே தங்க எழுத்தில் உன் பெயர், பின்னால் சேற்றுத் தடுப்பில் என் பெயர். அவர் மனசிலும் அதே வரிசைதான் என்று நான் நம்பியிருந்தேன். அவர் உன்னைக் குறை சொல்லாததற்குக் காரணம் இதுவாக இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? முப்பது குழந்தைகளின் கையெழுத்தைப் பார்த்தே யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பவள் நான். பெர்லா பெயரை ஏழு தடவை என் கையால் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

நேராகக் கேட்கிறேன். உண்மையா? நேராகப் பதில் சொல்.

லிந்தா


மிலான்,
30 ஜூன் 1995

லிந்தா,

உண்மை.

பத்து நாள் சுற்றுலா விசாவில் வந்தேன். பதினோராம் நாளிலிருந்து நான் இங்கே இல்லாத ஆள். ஏஜென்ட் மூன்று மாதத்தில் எல்லாம் சரிசெய்து தருவதாகச் சொன்னான். அம்மாவின் நகைகளை விற்ற பணம் அவனிடம் போயிற்று. இதை உனக்கு எப்படி எழுதுவேன்?

ட்ராமில் எப்போதும் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பேன். பரிசோதகர் ஏறினால் இறங்கிவிடலாம். போன வருடம் பல்வலி வந்து முகம் வீங்கியபோதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, மணிலாவில் நர்ஸாக இருந்த ஒருத்தி மாத்திரை கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர்க்காரர்கள் பூங்காவில் கூடிப் பாடிக்கொண்டு சாப்பிடுவார்கள். போலீஸின் நீலச் சட்டை தூரத்தில் தெரிந்தால் பாதிப்பேர் எழுந்து நடக்க ஆரம்பிப்போம். ஓடக் கூடாது, நடக்க வேண்டும். அதில் நான் தேர்ந்துவிட்டேன்.

பெர்லாவுக்குக் காகிதம் இருந்தது. தள்ளுபடி கதை நான் கட்டியது. அவளுடைய நகலை ஒட்டி அனுப்பினால் பெட்டி வரியில்லாமல் உங்களிடம் வந்துவிடும். நான் வரமுடியாவிட்டாலும் நான் கட்டிய முடிச்சையாவது அப்பா அவிழ்ப்பார் என்று நினைத்துக்கொள்வேன். வேறொருத்தி பெயரில்தான் அது போகிறது என்பது ஒவ்வொரு தடவையும் உறுத்தும். பெர்லா போனதும் என் பெயரை எழுதினேன். வரி போடுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், லிந்தா. தெரிந்துதான் இருந்தது. எப்படியாவது நழுவிப் போய்விடும் என்று நினைத்தேன். உன்னை அந்த மேஜை முன்னால் நிற்கவைத்தது நான்தான். மன்னித்துவிடு.

என் நிலைமை இது. இங்கிருந்து வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது, கடவுச்சீட்டில் முத்திரை குத்திவிடுவார்கள். அரசாங்கம் எங்களைப் போன்றவர்களுக்கு வருகிற குளிர்காலத்தில் காகிதம் கொடுக்கப் போவதாக ஒரு பேச்சு ஓடுகிறது. பொறுத்திருந்து அது கிடைத்தால் வருடா வருடம் ஊருக்கு வந்து போகலாம், சம்பளமும் நிற்காது. அதற்குள் அப்பாவின் கண் போய்விடும். இப்போது வந்தால் அவர் என்னைப் பார்ப்பார். அதோடு மிலான் முடிந்தது, மாதப் பணம் முடிந்தது, அவருடைய ஊசி மருந்துக்கு உன் சம்பளம் மட்டும்தான்.

தினமும் இதையே மாற்றி மாற்றி நினைக்கிறேன். நீ அங்கே இருக்கிறாய், அவரைப் பார்க்கிறாய். நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

நிசா


மபினி,
25 ஜூலை 1995

அக்கா,

முதலில் பெட்டியைப் பற்றி. உன் பதில் வரும்வரை காத்திருந்தால் ஏலம் முடிந்திருக்கும். ஜூன் பதினாலாம் தேதி காலையில் அப்பா குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மணிலாவுக்குக் கெளம்பு" என்றார். "கண்ணு தெரியாம அங்க வந்து என்னப்பா பண்ணப் போறீங்க?" என்று கேட்டால், "வரி கட்டப் போறேன்" என்கிறார். அந்த ஜீப்னியின் பழைய இன்ஜினை, கொட்டகையில் ஒரு கல்யாணப் பொண்ணு போலத் துணி போர்த்தி வைத்திருந்தாரே, அதை முந்தின நாளே விற்றுவிட்டாராம். எனக்குத் தெரியாமல்.

அதே ஆள்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நகல் கெடைச்சுதாம்மா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நகல் கெடையாதுங்க. வரி எவ்வளவு, அதச் சொல்லுங்க."

"பெரியவரே, அனுமதி நகல் இருந்தா இவ்வளவும் மிச்சம். இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

"வேணாம். பெட்டி மேல என்ன பேரு எழுதியிருக்கு, படிங்க."

"லியோனிசா பனோப்பியோ."

"இன்னொரு தடவ படிங்க."

அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் படித்தார்.

"ஏழு வருஷமா எங்க வீட்டுக்கு ஓசியிலதான் பெட்டி வந்துச்சு. எல்லாம் வேற யாரோ ஒரு பொண்ணு அனுப்புனது. என் மக அனுப்புன மொத பெட்டி இதுதான். இதுக்கு வரி குடுக்காம எதுக்குக் குடுப்பேன்?" என்று சொல்லி, நோட்டுக்கட்டை எடுத்து வைத்தார். ரசீதில் கையெழுத்துப் போடும் இடத்தில் அந்த ஆளே அப்பாவின் விரலைப் பிடித்துக் காட்டினார். பெட்டியைப் பஸ்வரைக்கும் ஆள் விட்டு ஏற்றிவிட்டார். வாடகையில் நாலு நாளைக் குறைத்திருந்தார் என்பதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

பெட்டியை நான் கிழிக்கவில்லை. உன் பெயர் இருக்கும் பக்கத்தை அப்பா கத்தியால் அறுத்து எடுத்துக் கட்டிலுக்கு அருகே சாய்த்து வைத்திருக்கிறார். பெனிங் சித்தி இரண்டு சோப்பையும் வாங்கிக்கொண்டு, "துண்டு பச்சையா? எனக்கு நீலம்தான் பிடிக்கும்" என்றாள். நன்றாக இருக்கிறாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

வராதே.

"வா வா" என்று மூன்று வருடமாக உன்னைக் குத்திக்கொண்டிருந்த அதே கைதான் இதை எழுதுகிறது. குளிர்காலம்வரை பொறு. காகிதம் வாங்கு. வெளிச்சத்தில் நட, ட்ராமில் நடுவில் உட்கார். அப்பாவுக்கு நன்றாக வெயில் அடித்தால் மட்டும் ஆள் உருவம் தெரிகிறது, மாலையானால் ஒன்றுமே தெரிவதில்லை. ஆனாலும் அவர் உன் முகத்தை மறந்துவிடமாட்டார், அதற்குக் கண் வேண்டியதில்லை. நீ இங்கே வந்து, வேலையில்லாமல், என்னோடு சேர்ந்து மருந்துக் கடைக்காரனுக்குப் பயந்து வாழ்வதை அவர் பார்க்க வேண்டாம். அவரிடம் நான் இதைக் கேட்கவில்லை. கேட்டால் அவரும் வராதே என்றுதான் சொல்வார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, அக்கா. நீ எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் வராதே என்கிறேன்.

உன் லிந்தா


மிலான்,
19 ஆகஸ்ட் 1995

என் லிந்தா,

நீ சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருந்தேன். இன்னும் ஒரு பொய் சொல்லிவிட்டேன், இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒருவழிதான். சின்யோராவிடம் சொன்னபோது, "இன்னும் நாலு மாதம் பொறுக்க முடியாதா, முட்டாளே" என்று திட்டினாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் மருமகள் வந்து பார்த்துக்கொள்ளப் போகிறாள். என்னோடு பூங்காவில் உட்காருபவர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்கள் சொல்வதும் சரி, நீ சொல்வதும் சரி. காகிதம் இந்தக் குளிர்காலத்தில் கொடுக்காவிட்டால் வேறொரு குளிர்காலத்தில் கொடுப்பார்கள். நான் வேண்டுமானால் மறுபடி வரிசையில் நிற்பேன், வேறு நாட்டில் துடைப்பேன், கழுவுவேன். உழைக்க எனக்குப் பயமில்லை. அவர் கண்ணுக்காக மறுபடி வரிசையில் நிற்க முடியாது.

முப்பத்தொரு பேருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடு, வெறும் கையோடு வருகிறேன். சாக்லேட் இல்லை, சோப்பு இல்லை. இருந்த பணத்தில் டிக்கெட் போக மிச்சம் அப்பாவின் ஊசிக்கு ஆறு மாதத்துக்கு வரும், அதைத் தொடமாட்டேன். இத்தாலியிலிருந்து ஒருத்தி ஒரு பையோடு வந்து இறங்குவதை மபினி பார்த்ததேயில்லை. பெனிங் சித்திக்கு ஒரு வருடத்துக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

செப்டம்பர் ஒன்பது, சனிக்கிழமை. விமானம் விடியற்காலையில் இறங்குகிறது, விசாரித்துத்தான் எடுத்தேன். மணிலாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் பதினொரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். என்னை அழைக்க நீ வரவேண்டாம். அப்பாவுக்குச் சட்டை மாட்டி, நாற்காலியை முற்றத்தில் நல்ல வெயிலில் போட்டு வை.

நிசா